வால் கனத்த ஹெலிகாப்டர்

"அம்மா, கலருக்கு வெயிட் உண்டா?"

பெயின்ட்டக்காவின் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் இப்படிக் கேட்டாள். ஸ்கூட்டர் டாங்க் ஒன்றுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தாமலே சிரித்தாள். "கலருக்கு ஏதுடி வெயிட்? வானம் எவ்வளவு நீலமா இருக்கு, கீழயா விழுந்துருச்சு?"

பிள்ளை அதோடு விளையாடப் போய்விட்டது. குழந்தைகள் அப்படித்தான், கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பதில் சொன்னவர்கள்தான் பின்னால் என்றைக்காவது மாட்டிக்கொள்வார்கள். பெயின்ட்டக்கா மாட்டிக்கொண்டது அந்த மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

தெருவில் எல்லோருக்கும் அவள் பெயின்ட்டக்காதான். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெரிய ஒர்க்‌ஷாப்பில் பல வருஷம் கார்களுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, இப்போது ஒரு தகர ஷெட்டைப் பிடித்துத் தனியாக வேலை பார்க்கிறாள். கேட்டதற்கு மேல் ஒரு பங்கு கூடச் செய்து கொடுப்பது அவள் சுபாவம். "இவகிட்ட துருப்பிடிச்ச வாளியைக் குடுத்தா, கல்யாணக் கார் மாதிரி ஆக்கித் திருப்பிக் குடுப்பா" என்று வேன் ஓட்டும் அவள் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். குறை என்று சொன்னால் வாய் ஒன்றுதான். கோபம் வந்தால் வார்த்தை முன்னால் ஓடிவிடும். அதைப் பிடிக்க அவள் பின்னாலேயே ஓடுவாள், கிடைக்காது.

அந்த வாயால்தான் பக்கத்து ஷெட் டிங்கரோடு பேச்சு நின்றுபோயிருந்தது. நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு தகரச் சுவர். அவர் சுத்தியலால் அடித்தால் இவள் டீ கிளாஸ் ஆடும். அவர் கிரைண்டரைப் போட்டால் இரும்புத் தூள் கூரை இடுக்கு வழியாக வந்து இவளுடைய ஈரப் பெயின்ட்டில் உட்காரும். ஒருநாள் புதிதாக அடித்த கார் பானெட் ஒன்று முழுக்கக் கரும்புள்ளி விழுந்ததும் அவள் அவர் வாசலில் போய் நின்று கத்தினாள். அவரும் சும்மா இருக்கவில்லை. "உன் பெயின்ட்டுக்காக நான் சுத்தியலுக்குச் சாக்ஸ் மாட்டி அடிக்கணுமா?" என்றார். அங்கே நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது.

"யோவ், உன் லட்சணம் எனக்குத் தெரியாதா? பள்ளத்தை எடுக்கத் துப்பில்லாம பட்டியை அப்பி மூடுற ஆளு நீ!"

அது பொய். பள்ளத்தில் பூசி மறைக்கிற பட்டிப் பசை அவர் வேலையில் மிகவும் குறைவு என்பது அவளுக்கே நன்றாகத் தெரியும். ஆனால் வண்டிக்காரர்கள் முன்னால் சொல்லியாகிவிட்டது. அதுவரை 'அண்ணே' என்று கூப்பிட்டவரை அன்றிலிருந்து அவள் எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை.

இந்த நிலையில்தான் லிஃப்ட்காரர் ஹெலிகாப்டரைக் கொண்டுவந்தார்.

லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக் அவர். சில வருஷங்களுக்கு முன்னால் பெரிய கட்டடம் ஒன்றில் வேலை செய்யும்போது லிஃப்ட் குழிக்குள் விழுந்து இடுப்பு நொறுங்கிவிட்டது. மீட்பு ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனதால் பிழைத்தார். இப்போது லேசாகக் காலைச் சாய்த்து நடப்பார், அவ்வளவுதான். அந்த ஹெலிகாப்டரைப் போலவே, ரிமோட்டில் பறக்கும் குட்டி ஹெலிகாப்டர் ஒன்றை அவர் பொறுமையாகக் கட்டியிருந்தார். மோட்டார், விசிறி, கியர் எல்லாம் ஒரு தனிச் சட்டத்தில் இருந்தன. அதை மூடுகிற கண்ணாடியிழை உடல் மட்டும் ஒரு குழந்தைக் கட்டில் நீளத்துக்கு, சாம்பல் நிறத்தில், மொட்டையாக இருந்தது. அதற்குத்தான் பெயின்ட்.

"மேல சிவப்பு, வயிறு வெள்ளை, நடுவுல மஞ்சள் கோடு. நல்லாப் பண்ணிக் குடுங்கக்கா" என்றார். "அன்னிக்கு என்னைத் தூக்கிட்டுப் போன பைலட் அம்மா வேலையை விட்டுட்டு வெளியூர் போறாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிளம்புறாங்க. காலையில மைதானத்துக்கு வரேன்னு சொல்லியிருக்காங்க. அன்னிக்கு அவங்க கண் முன்னாடி இது பறக்கணும். அதை விட்டா எனக்கு வேற நாள் கிடையாது."

'நல்லாப் பண்ணிக் குடுங்க' என்ற சொல்லைப் பெயின்ட்டக்காவிடம் சொல்லலாமா? அவள் நல்லாவே பண்ணினாள். கண்ணாடியிழையில் ஊசித்துளைகள் தெரிந்ததும் பட்டி போட்டு இழைத்தாள். வால் பகுதி நீளமாக, மெலிதாக இருந்ததால் அங்கே மேடு பள்ளம் கண்ணில் பட்டது. அங்கே இன்னும் கொஞ்சம் பட்டி வைத்தாள். சிவப்பு ஆழமாகத் தெரிய வேண்டும் என்று ஒரு கோட் கூட அடித்தாள். நிஜ ஹெலிகாப்டரின் படத்தைப் பார்த்து, அதன் தகடுகளைப் பிணைக்கும் ஆணித்தலைகளைக்கூட விடவில்லை. ஊசிமுனைக் குழாயில் பசையை எடுத்து, வால் நெடுகச் சொட்டுச் சொட்டாக வரிசை பிடித்து வைத்தாள். "என்னடி இது, கொசு முட்டை போட்ட மாதிரி!" என்று கணவர் வியந்தார். அதற்கு மேல் கண்ணாடி போல் பளபளக்கும் நிறமில்லாத பூச்சு, கிளியர். கார்களுக்கு அடிப்பது போலவே, கனமாக.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஃப்ட்காரர் வந்தார். உறையை நீக்கியதும் அவர் கிட்டே குனிந்தார். விரலால் ஓர் ஆணித்தலையைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அக்கா... இதுதாங்க்கா. இதேதான் அன்னிக்கு என் தலைக்கு மேல நின்னுச்சு."

பெயின்ட்டக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. டீ சொல்லி அனுப்பினாள். அவர் கொண்டுவந்த எந்திரச் சட்டத்தை உடலுக்குள் பொருத்தித் திருகாணிகளை முடுக்கினார். பிறகு, மேல் விசிறியின் தண்டை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் தூக்கினார்.

ஹெலிகாப்டரின் வால் கீழே போயிற்று.

அவர் இறக்கி வைத்தார். பேட்டரியை மூக்கு முனை வரைக்கும் தள்ளிவிட்டு மறுபடி தூக்கினார். தராசில் ஒரு தட்டு இறங்குவது போல வால் நிதானமாக, கூசாமல் இறங்கியது.

"என்ன தம்பி?"

அவர் நெற்றியைத் துடைத்தார்.

"தம்பி, வாயைத் திறந்து சொல்லுங்க."

"வெயிட்டுக்கா. வால் கனமாயிடுச்சு. சமமா நின்னாத்தான் இது பறக்கும். வால் கனமா இருந்தா, தூக்கின உடனே பின்னாலயே போகும். பின்னால நாமதான் நிப்போம். விசிறி சுத்துற வேகத்துக்கு... ஒருத்தர் மேல பட்டா அவ்வளவுதான்."

"மூக்குல ஏதாவது கனத்தை வச்சுக் கட்டலாமே?"

"வால் முனையில ஒரு மிளகு வச்சா மூக்குல ஒரு எலுமிச்சம்பழம் வைக்கணும்க்கா. அவ்வளவு கனத்தை மோட்டார் தூக்காது." அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "தப்பு உங்க மேல இல்ல. மெலிசா அடிங்கன்னு நான்தான் சொல்லியிருக்கணும். கார் பெயின்ட் அடிக்கிறவங்களுக்கு இது எப்படித் தெரியும்? பரவாயில்லக்கா. தரையில வச்சுக் காட்டிட்டு வந்துடறேன்."

"தரையில வச்சா?"

"பொம்மைதான். என்ன செய்ய?" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "அவங்க என்னைத் தூக்கிட்டுப் பறந்தாங்க. நான் தரையில ஒரு பொம்மையை வச்சு, பாருங்கம்மா உங்களுக்கு நன்றின்னு சொல்லணும்."

பெயின்ட்டக்கா வாலைத் தொட்டுப் பார்த்தாள். கலருக்கு ஏதுடி வெயிட் என்று என்றோ சிரித்தது நினைவுக்கு வந்து சுட்டது. மனிதர்களிடம் அன்பாக இருப்பதென்றால் அள்ளி அள்ளிப் போடுவதுதான் என்று நினைத்திருந்தாள் அவள். எதிராளி அதைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டுமே என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"எந்திரத்தைக் கழட்டிட்டு உடம்பை மட்டும் வச்சுட்டுப் போங்க தம்பி. நாளைக்கு ஒருநாள் இருக்கு. நான் ஏத்தின வெயிட்டை நானே இறக்கறேன்."

"நாளைக்கு எனக்கு டூட்டி. கூட நிக்க முடியாதேக்கா."

"நீங்க நின்னா எனக்கு வேலை ஓடாது. போங்க."

அவர் போவதற்கு முன்னால் ஒரு வழி செய்து கொடுத்தார். சமையலறைத் தராசு ஒன்றை வரவழைத்து, மூக்கை ஒரு மரக்கட்டை மேலும் வாலைத் தராசு மேலும் வைத்தார். முள் நின்ற இடத்தைப் பார்த்து, மனக்கணக்குப் போட்டு, அதற்கு வெகு கீழே தராசின் கண்ணாடியில் அவளுடைய மஞ்சள் பெயின்ட்டாலேயே ஒரு கோடு இழுத்தார்.

"முள் இந்தக் கோட்டுக்கு வரணும். புதுப் பெயின்ட், கிளியர் எல்லாம் சேர்த்து. வந்தா பறக்கும். வரலைன்னா மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

சனிக்கிழமை காலையில் அவள் ஷெட்டைத் திறந்ததும் முதலில் கையைக் கூப்பினாள். "ஆண்டவனே, எனக்காக இல்ல. அந்தத் தம்பிக்காக" என்றாள். பிறகு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் முக்கி, வாலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அடித்த பெயின்ட்டைத் தேய்த்து எடுப்பது அடிப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். அவசரப்பட்டால் கீழே இருக்கும் கண்ணாடியிழை வரை போய்விடும். இழை அறுந்தால் வாலே பலவீனமாகிவிடும். விரல் நுனியால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கிளியர் வெண்பாலாகக் கரைந்து வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் சிவந்தது. துடைத்து, உலர்த்தி, தராசில் வைத்தாள். முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. கோடு இன்னும் எங்கோ கீழே இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் டிங்கரின் கிரைண்டர் கத்தத் தொடங்கியது. சனிக்கிழமை என்றால் அவருக்குக் கூட்டம். லாரிக்காரர் ஒருவர் வண்டியின் பக்கவாட்டுத் தகட்டை மாற்ற வந்திருந்தார். தகரச் சுவர் முழுக்க அதிர்ந்தது.

சிவப்புக்குக் கீழே பட்டி வந்தது. தானே போட்ட பட்டி. வால் நெடுக, ஒரு தடவை தடவினால் போதும் என்ற இடத்தில் இரண்டு தடவை. பேப்பர் அதன் மேல் ஓடும்போது, ஊரார் முன்னால் கத்திய வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. பட்டியை அப்பி மூடுற ஆளு நீ. அவள் முகம் சூடாயிற்று. பேப்பரை மாற்றிக்கொண்டு இன்னும் குனிந்து தேய்த்தாள்.

முள் இறங்கியது. இன்னும் இறங்கியது. பிறகு, கோட்டுக்குக் கொஞ்சம் மேலே பிடிவாதமாக நின்றுவிட்டது. இனித் தேய்த்தால் இழைதான். அவள் தேய்க்காமல் விட்டு வைத்திருந்தது ஒன்றே ஒன்று. வாலின் இரண்டு பக்கமும், சுற்றிவரப் பெயின்ட் போன பிறகும், வரிசை கலையாமல் நின்ற ஆணித்தலைகள்.

அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு சாயங்காலம் முதுகு ஒடியக் குனிந்து வைத்தவை. அவர் கண் கலங்கியது அவற்றைத் தொட்டுத்தான். இது போனால் அவள் வேலை என்று சொல்ல இதில் என்ன இருக்கும்? எல்லோரும் அடிக்கிற சிவப்பு. எல்லோரும் இழுக்கிற மஞ்சள் கோடு.

கணவர் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். நிலைமையைப் பார்த்துக் கேலி செய்யாமல் நின்றார்.

"எடுத்துடு" என்றார் மெதுவாக.

"உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க."

"அந்தம்மா கீழ நின்னு பார்க்கப்போறாங்க. மேல பறக்கிறதுல இது தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே!"

"அதைத்தான் நானும் சொல்றேன். உனக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் தூக்கை வைத்துவிட்டுப் போனார். அவள் சாப்பிடவில்லை. சவர பிளேடு ஒன்றை எடுத்தாள். முதல் ஆணித்தலை சுண்டி விழும்போது நெஞ்சில் சுருக்கென்றது. பத்துப் பன்னிரண்டு போனதும் சுருக்குக் குறைந்தது. கடைசி வரிசைக்கு வரும்போது அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தன்னுடையது என்று இறுக்கிப் பிடித்திருந்ததை விடும்போது கை வலிக்கும். விட்ட பிறகுதான் அந்தக் கைக்கு வேறு வேலை இருந்தது தெரியும்.

முள் மஞ்சள் கோட்டைத் தாண்டி, அதற்குக் கீழே ஒரு மயிரிழை போய் நின்றது. அந்த மயிரிழைக்குள் ஒரு மெல்லிய சிவப்பும் ஒரு மெல்லிய கிளியரும் அடங்க வேண்டும்.

இங்கேதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. ஒரே ஒரு தடவைதான் அடிக்கலாம். ஈரக் கிளியரில் இரும்புத் தூள் விழுந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். மறுபடி தேய்க்க அங்கே கனம் இல்லை, மறுபடி அடிக்க நேரம் இல்லை. விளக்குச் சூட்டில் காயவே ராத்திரி முழுக்க வேண்டும். சுவருக்கு அப்பால் கிரைண்டர் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. கூரை இடுக்கில் வெயில் விழுந்த இடத்தில் தூள் மினுமினுவென்று இறங்குவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

போய்க் கேட்டுவிட வேண்டியதுதான். கையைத் துடைத்துக்கொண்டு, மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். 'அண்ணே, கொஞ்ச நேரம் நிறுத்தறீங்களா' என்று ஒரு வரிதான். டிங்கர் லாரியின் பக்கத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றார். லாரிக்காரர் பலகையில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் டிங்கர் கிரைண்டரை நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன, ஹெலிகாப்டர் இன்னும் கிளம்பலையா? பட்டி காயலையோ?"

லாரிக்காரர் புரியாமலே சிரித்தார். அவள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வரி மறந்தே போயிற்று. வேறு வார்த்தை வெளியே வரத் தயாராக இருந்தது. நல்லவேளை, அதை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். கிரைண்டர் மறுபடி கத்தியது.

பழைய சேலைகளைக் கூரை இடுக்கில் திணித்தாள். தரையில் தண்ணீர் தெளித்தாள். எது செய்தாலும் தூள் வந்துகொண்டேதான் இருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சிவப்பைக் கலந்து வடிகட்டி ஸ்ப்ரே கன்னில் ஊற்றினாள். கடவுள் விட்ட வழி என்று கன்னை எடுத்தாள்.

அப்போது சத்தம் நின்றது.

கரன்ட் போய்விட்டதோ என்று பதறி மேலே பார்த்தாள். அவளுடைய பல்பு எரிந்துகொண்டிருந்தது. கன்னுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அப்பால் கிரைண்டரும் இல்லை, சுத்தியலும் இல்லை. ஒரு திருப்புளி விழும் சத்தம்கூட இல்லை. இப்போது ஆரம்பிக்கும், இப்போது ஆரம்பிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வெயில் கோட்டில் தூள் மெல்ல மெல்ல அடங்கி, காற்று தெளிந்தது.

யோசிக்க நேரமில்லை. சிவப்பை அடித்தாள். பனி படர்வது போல, தொட்டும் தொடாமலும். கை 'இன்னும் கொஞ்சம்' என்று கெஞ்சியது. பல வருஷப் பழக்கம் அல்லவா! அவள் கேட்கவில்லை. காய்ந்ததும் தராசில் வைத்தாள். முள் கோட்டைத் தொடவில்லை. அப்புறம் கிளியர், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வால் முனையிலிருந்து உடம்பு வரை ஒரே வீச்சு. சத்தம் இன்னும் திரும்பவில்லை. விளக்கைத் திருப்பி வைத்துவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடையைச் சாத்தும் நேரம் வரைக்கும் பக்கத்து ஷெட்டில் ஒரு சத்தமும் எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் அதிகம் பேர் இல்லை. லிஃப்ட்காரரின் மனைவி, அவர் நண்பர்கள் சிலர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய உயரமான பைலட் அம்மா. 'கேப்டன்' என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். பெயின்ட்டக்கா பின்னால், கணவரின் வேனை ஒட்டி நின்றுகொண்டாள்.

லிஃப்ட்காரர் விடியற்காலையிலேயே ஷெட்டுக்கு வந்து எந்திரத்தைப் பொருத்தி, இரண்டு விரலால் தூக்கிப் பார்த்திருந்தார். வால் அசையாமல் நின்றது. ஆனால் விரலில் நிற்பது வேறு, காற்றில் நிற்பது வேறு. "எல்லாரும் வேனுக்குப் பின்னால போங்க" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். கேப்டன் மட்டும் நகரவில்லை.

விசிறி சுற்றத் தொடங்கியது. புல் படுத்தது. சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. அந்தச் சிவப்பு உடல் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது. நின்றது என்றால் உடனே நிற்கவில்லை. வால் லேசாகத் தாழ்ந்தது. ஹெலிகாப்டர் பின்னால், கேப்டன் நின்ற பக்கமாக வழுக்கியது.

பெயின்ட்டக்கா வேனின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். கண்ணை மூடினால் தப்பு என்று தோன்றியது. தான் செய்ததைத் தான் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

"காத்துதான்!" என்றார் லிஃப்ட்காரர், யாருக்கோ. அவர் கட்டை விரல் அசைந்தது. வால் எழும்பியது. ஹெலிகாப்டர் போன இடத்திலிருந்து திரும்பி வந்து, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது போல அசையாமல் நின்றது. பிறகு உயர்ந்தது. மரங்களுக்கு மேலே போய், வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒரு வட்டம் போட்டது.

கேப்டன் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். ஹெலிகாப்டர் இறங்கி நின்ற பிறகுதான் பேசினார்.

"எங்க வண்டி ஒருநாள்கூட இவ்வளவு சுத்தமா இருந்ததில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. லிஃப்ட்காரரின் தோளில் கையை வைத்து, "இடுப்பு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். லிஃப்ட்காரர் ரிமோட்டை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். இரண்டாவது தடவை அதைப் பறக்கவிட்டது கேப்டன்தான்.

திரும்பும் வழியில் கணவர் சொன்னார். "நேத்து சத்தம் நின்ன வரைக்கும் பிழைச்சோம்."

"ஆண்டவன் காப்பாத்தினான்" என்றாள் பெயின்ட்டக்கா. அது பொய்யில்லை. அவன் எந்தக் கையால் காப்பாற்றினான் என்பது அவளுக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

சனிக்கிழமை வந்த லாரிக்காரர் டிங்கர் ஷெட் திறக்கும்வரை வாசலில் காத்திருந்தார். பேச்சுத் துணைக்கு இவளைப் பிடித்துக்கொண்டார்.

"பாதி வேலையில நிறுத்திட்டான்மா மனுஷன். ஒருநாள் லோடு போச்சு எனக்கு. என்னய்யான்னா, தோள்பட்டை சுளுக்காம்! சுளுக்கினவன் வீட்டுக்குப் போக வேண்டாமா? வாசல்ல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டு, வர்ற வண்டியை எல்லாம் திருப்பி அனுப்பறான். நான் கோபத்துல லாரிக் கதவை டமார்னு சாத்தினேன். 'மெதுவாய்யா, தூசி கிளம்புது'ங்கறான்! ரோட்டுல இல்லாத தூசியா?"

பெயின்ட்டக்கா தகரச் சுவரைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஃப்ட்காரர் சொன்னதெல்லாம் அந்தப் பக்கம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கும்.

டிங்கர் வந்ததும் அவள் போய் நின்றாள். லாரிக்காரர் பக்கத்திலேயே இருந்தார்.

"தோள்பட்டை வலி எப்படி இருக்கு?"

"எந்த வலி?" என்றார் அவர். பிறகு சட்டென்று இடது தோளைப் பிடித்துக்கொண்டார். "ஆ, அதுவா. விட்டுருச்சு."

"வலது தோள்னு சொன்னே?" என்றார் லாரிக்காரர்.

"உனக்கு வண்டி வேணுமா, வைத்தியம் பார்க்கணுமா?" டிங்கர் கிரைண்டரை எடுத்தார். அவள் பக்கம் பார்க்கவே இல்லை. "பொம்மை பறந்துச்சா?"

"பறந்துச்சு... அண்ணே."

"சரி, தள்ளி நில்லு. பொறி பறக்கும்."

நன்றி சொல்லவும் இடம் கொடுக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவும் இடம் கொடுக்கவில்லை. சிலர் அப்படி. செய்ததை நாம் எடுத்துச் சொன்னால் அவர்களுக்குக் கூச்சமாகிவிடும். அவள் தன் ஷெட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஆனால் மனதில் அது உட்கார்ந்துகொண்டது.

சில வாரம் போயிற்று. ஒரு மத்தியானம் அவள் வாசலில் நின்று கன்னைக் கழுவிக்கொண்டிருந்தாள். டிங்கர், வேலை முடிந்த பள்ளிக்கூட வேன் ஒன்றைப் பின்னால் எடுத்தார். நல்ல வேலை. நசுங்கிய பக்கம் நசுங்கியதாகவே தெரியவில்லை. வேன் திரும்பும்போது வாசல் கேட்டின் இரும்புக் குழாய் பின்கதவில் நறநறவென்று இழுத்தது. அவர் இறங்கி வந்து பார்த்தார். கட்டை விரலால் கீறலைத் தடவினார். அந்த வேன் சொந்தக்காரர் ஒரு டீயில் சர்க்கரை குறைந்தாலும் ஊரைக் கூட்டுகிறவர். டிங்கர் சுற்றும் முற்றும் பார்த்தார். அவள் தன் ஷெட் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் வேனின் படியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனார்.

தெரு வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. பெயின்ட்டக்கா நான்கைந்து டின்களைத் திறந்தாள். வேனின் வெள்ளை வெறும் வெள்ளை இல்லை, ஒரு துளி மஞ்சளும் அதைவிடக் குறைவாகக் கறுப்பும் கலந்தது. ஒரு தகரத் துண்டில் தடவி, கதவோடு வைத்துப் பார்த்தாள். நிறம் சேரும்வரை துளித்துளியாகச் சேர்த்தாள். கீறலைச் சுற்றிக் காகிதம் ஒட்டி, மெல்லிய பேப்பரால் ஓரத்தை மட்டும் இழைத்துவிட்டு, சின்னக் கன்னால் ஒரு பூச்சு. வெயில் காயவைத்தது. மேலே சீக்கிரம் காய்கிற வகைக் கிளியர், மெல்லிசாக. காய்ந்ததும் பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தாள். குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் நின்று பார்த்தாள். கீறல் இருந்த இடம் அவளுக்கே தெரியவில்லை.

ஒட்டிய காகிதத்தை உரித்துக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். தரையில் சிந்தியிருந்த வெள்ளைப் பொட்டு ஒன்றைப் பெயின்ட் கரைக்கும் தின்னர் தொட்டுத் துடைத்தாள். தெருமுனையில் இன்னும் யாரும் வரவில்லை. ஷெட்டுக்குள் போய், மிச்சமிருந்த பெயின்ட்டை டின்னில் ஊற்றி மூடிவிட்டு, ஸ்கூட்டர் மட்கார்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்துத் தேய்க்க உட்கார்ந்தாள்.